‘ஆல் இன்’ 2018: மேட்ச்கள் உண்மையில் எப்படி இருந்தன?

“2018 செப்டம்பரில் சிகாகோ பக்கம் நடந்த ‘ஆல் இன்’ ஷோவை ரெஸ்லிங் ரசிகர்கள் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தையும் ஆரவாரத்தையும் ஒதுக்கிவிட்டு வெறும் மேட்ச்களை மட்டும் பார்த்தால் அது அவ்வளவு நல்ல ஷோவா?” இதுதான் கேள்வி.

நல்ல ஷோதான். ஆனால் அன்றைய சிறந்த மேட்சில் பிரமிக்க வைக்கும் மூவ் என்று ஒன்றுகூடக் கிடையாது, பிரமிக்க வைத்திருக்க வேண்டிய மேட்சுக்கோ நேரமே கிடைக்கவில்லை. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 2017 மே மாதம், ரிங் ஆஃப் ஹானர் கம்பெனியால் பத்தாயிரம் டிக்கெட் விற்க முடியுமா என்று ட்விட்டரில் ஒருவர் கேட்க, ரெஸ்லிங் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸர் இப்போதைக்கு முடியாது என்று பதில் சொன்னார். அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு கோடி ரோட்ஸும் யங் பக்ஸ் சகோதரர்கள் மேட், நிக் ஜாக்ஸனும் முன்னின்று நடத்திய ஷோ இது. இடம் இல்லினாய் மாநிலம் ஹாஃப்மன் எஸ்டேட்ஸில் அப்போது சியர்ஸ் சென்டர் என்று அழைக்கப்பட்ட அரங்கம். டிக்கெட் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்தது, 11,263 பேர் வந்தார்கள். அமெரிக்காவில் டபிள்யூடபிள்யூஇ, டபிள்யூசிடபிள்யூ என்ற இரண்டு பெரிய கம்பெனிகளையும் சேராத ஒரு ரெஸ்லிங் ஷோ பத்தாயிரம் டிக்கெட் விற்றது 1993க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் கோடி ரோட்ஸ், நிக் ஆல்டிஸ் மோதிய மேட்ச், என்டபிள்யூஏ என்ற பழைய ரெஸ்லிங் அமைப்பின் உலக ஹெவிவெயிட் டைட்டிலுக்கானது. மெயின் கார்டில், அதாவது முக்கிய மேட்ச்களின் வரிசையில், நான்காவதாக வந்தது, 22 நிமிடம் ஓடியது. கோடியின் அப்பா டஸ்டி ரோட்ஸ் இதே டைட்டிலை 1979, 1981, 1986 என்று மூன்று முறை வென்றவர், 2015 ஜூனில் இறந்துபோனார். மகன் டபிள்யூடபிள்யூஇயில் பல வருடம் இருந்தும் உச்சிக்குப் போக முடியாமல் 2016இல் வெளியே வந்தவர். ஆல்டிஸ் 2017 டிசம்பரில் டிம் ஸ்டார்மிடம் இருந்து டைட்டிலை வென்று, செத்துக்கிடந்த ஒரு பெல்ட்டுக்கு மறுபடியும் மரியாதை தேடித் தந்துகொண்டிருந்தவர். பெல் அடிப்பதற்கு முன்பே மேட்சின் பாதி வேலை முடிந்துவிட்டது. குத்துச்சண்டைச் சாம்பியன்கள் மாதிரி இருவரும் தங்கள் ஆட்களைப் பின்னால் அழைத்துக்கொண்டு வந்தார்கள், கோடி பக்கம் பழைய நட்சத்திரங்கள் டைமண்ட் டல்லாஸ் பேஜ், டாமி டிரீமர், மனைவி பிராண்டி என்று ஒரு கூட்டமே நின்றது. ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர். இந்த மாதிரித் தொடக்கத்தை இன்டிபென்டன்ட் ஷோக்களில் வீண் பகட்டு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை, ஒரு பெல்ட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று ரசிகனை நம்ப வைக்க வேறு குறுக்குவழி கிடையாது.

மேட்சுக்குள் என்ன நடந்தது என்று பட்டியல் போட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஹெட்லாக், சுப்ளெக்ஸ், மேலே இருந்து ஒரு எல்போ டிராப். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடையே விட்ட இடைவெளியைப் பாருங்கள். ஒரு அடி விழுந்ததும் அது வலிக்கிறது என்று ரசிகனுக்கு உறைக்கும்வரை அடுத்ததற்கு அவர்கள் போகவே இல்லை. ரெஸ்லிங்கில் இதை செல்லிங் என்பார்கள், வாங்கின அடியை நம்பும்படி சுமப்பது. கோடிக்கு நெற்றி உடைந்து ரத்தம் வந்த பிறகு அரங்கத்தின் சத்தமே மாறிப்போனது, அதுவரை உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு கவலையோடு கத்த ஆரம்பித்தார்கள். ஆல்டிஸ் மேலே ஏறி எல்போ டிராப்புக்குத் தயாராகும்போது பிராண்டி ஓடிவந்து கணவன்மேல் கவிழ்ந்து படுத்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

குறையும் இருக்கிறது. நடுவில் கோடி நிஜமாகவே அடிபட்டுவிட்டார் என்பது போல மேட்சை நிறுத்தி, டல்லாஸ் பேஜ் வந்து பார்த்து, எதிர்த்தரப்பு ஷான் டைவாரி குறுக்கே வர, அவருக்குத் தன் பழைய மூவான டைமண்ட் கட்டரைக் கொடுத்த பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. கூட்டம் துள்ளிக் குதித்தது உண்மை. அந்தக் கைதட்டல் பழைய நினைவுக்குக் கிடைத்தது, நடந்துகொண்டிருந்த கதைக்கு அதனால் லாபம் இல்லை. கணவன் எழுந்திருப்பாரா மாட்டாரா என்ற பதற்றம் அங்கே ஒரு நிமிடம் அறுந்துபோய், பிறகு பிராண்டி வந்துதான் மறுபடி கட்டினார். அந்த மூன்று நிமிடத்தை வெட்டியிருந்தால் இது குறையே சொல்ல முடியாத மேட்ச்.

முடிவைப் பலர் சப்பென்று இருந்ததாகச் சொல்கிறார்கள். ஆல்டிஸ் சன்செட் ஃப்ளிப் போட முயல, கோடி அப்படியே அவர்மேல் உட்கார்ந்து தோள்களைத் தரையில் அழுத்தி, அதாவது ‘பின்’ செய்து, ஜெயித்துவிடுவார், அவ்வளவுதான். இதைவிடச் சரியான முடிவு இந்த மேட்சுக்குக் கிடையாது என்பேன். கோடி தன் ஃபினிஷரை, அதாவது மேட்சை முடிக்கும் மூவை, போட்டு ஆல்டிஸை நசுக்கியிருந்தால் ஒன்பது மாதமாகக் கட்டிய சாம்பியன் அங்கேயே முடிந்துபோயிருப்பார். இப்படி ஒரு நொடிப் பிசகில் தோற்றதால் மறு மேட்சுக்கு நியாயமான காரணம் கிடைத்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 21 அன்று நாஷ்வில்லில், மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்ற விதியோடு ஆல்டிஸ் பெல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்பாவும் மகனும் அந்த டைட்டிலை வென்றது கோடியால்தான் முதல்முறையாக நடந்தது. அவர் அழுதுகொண்டே பெல்ட்டை அணைத்தபோது அரங்கமே சேர்ந்து அழுதது.

இனி மறுமுனைக்கு, கடைசி மேட்சான மெயின் ஈவென்டுக்கு வருகிறேன். கோட்டா இபுஷியும் யங் பக்ஸும் ஒரு பக்கம், ரே மிஸ்டீரியோ, ரே ஃபீனிக்ஸ், பண்டிடோ மறுபக்கம். டென் ஸ்போர்ட்ஸில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆறு பேரில் மிஸ்டீரியோவைத்தான் தெரிந்திருக்கும், ஆனால் உயரப் பறக்கும் ரெஸ்லிங்கில் அன்றைக்கு உலகத்தில் இருந்த மிகச் சிறந்த ஆட்களில் ஆறு பேர் ஒரே ரிங்கில் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒதுக்க முடிந்தது 12 நிமிடத்துக்கும் குறைவு. காசு கட்டிப் பார்க்கும் பே-பர்-வியூ ஒளிபரப்பின் நேரம் முடியப்போகிறது, அதற்குள் முடித்தாக வேண்டும். பண்டிடோவை யங் பக்ஸ் ‘மெல்ட்ஸர் டிரைவர்’ என்ற மூவால் அடித்துப் ‘பின்’ செய்த சில நொடிகளில் ஒளிபரப்பே நின்றுபோனது.

நேரம் நெருக்கியதால்தான் அந்த மேட்ச் அவ்வளவு விறுவிறுப்பாக வந்தது, அது நல்லதாகப் போயிற்று என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆறு பேர் மேட்ச் ஒன்றுக்கு ஒரு இலக்கணம் உண்டு. ஒருவனைத் தனியாகப் பிடித்துவைத்து நொறுக்க வேண்டும், அவன் தவழ்ந்து போய்த் தன் கூட்டாளியின் கையைத் தொட வேண்டும், அப்போதுதான் அணை உடைந்த மாதிரி எல்லோரும் பாயும்போது அதற்கு ஒரு அர்த்தம் வருகிறது. இங்கே முதல் நிமிடத்திலேயே அணை உடைந்துவிட்டது, வெள்ளம் மட்டும்தான் இருந்தது. பண்டிடோ என்ற இளைஞரை அமெரிக்கக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்த இதைவிடப் பெரிய மேடை அமைந்திருக்காது, அவர் செய்த ஒவ்வொன்றையும் வியந்து முடிப்பதற்குள் அடுத்தவர் பறந்துவந்துவிட்டார். மிஸ்டீரியோவும் இபுஷியும் நேருக்கு நேர் நின்று நான்கு நிமிடம் கொடுத்துவாங்கியிருந்தால் அது ஒன்றே டிக்கெட் காசுக்குப் போதும். அது நடக்கவில்லை. அடுத்த மாதமே மிஸ்டீரியோ டபிள்யூடபிள்யூஇக்குத் திரும்பிவிட்டார்.

சரி, நேரம் எங்கே போனது? மெயின் கார்டின் ஒன்பது மேட்ச்களின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், சுமார் 146 நிமிடம் வருகிறது. ஷோ ஏறக்குறைய நான்கு மணி நேரம். அப்படியானால் ஒன்றரை மணி நேரம் என்ட்ரன்ஸ், வீடியோ, மேட்ச் முடிந்த பிறகான நாடகங்கள் என்று போயிருக்கிறது. என்ட்ரன்ஸைக் குறைத்திருக்க முடியாது, கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது. வெட்டியிருக்க வேண்டியது வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, ஆடம் பேஜ், ஜோயி ஜனேலா மோதிய சிகாகோ ஸ்ட்ரீட் ஃபைட், 20 நிமிடம். பேஜ் அன்று எவ்வளவு நன்றாக இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கழித்து, 2021 நவம்பரில், கென்னி ஒமேகாவைத் தோற்கடித்து ஏஇடபிள்யூ கம்பெனியின் சாம்பியன் ஆன அந்தப் பேஜின் முதல் வெளிச்சம் இங்கேயே தெரிகிறது, பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத வேகம், முகத்தில் நிஜமான கோபம். ஜனேலா தன் உடம்பைப் பற்றிக் கவலையே படாமல் விழுந்தார், பெனலோபி ஃபோர்டு உள்ளே வந்து செய்தவையும் சுத்தமாக இருந்தன. ஏணியின் மேலே இருந்து டேபிள் வழியாகப் பேஜ் தன் ஃபினிஷரான ரைட் ஆஃப் பாசேஜைப் போட்ட முடிவு பயங்கரம். ஆனால் அதற்கு முன் ஏணி, டேபிள், நாற்காலி என்று வரிசையாகச் செட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். டேபிளைத் தூக்கிவந்து விரித்து சரியான இடத்தில் வைக்க ஒருவர் நேரம் எடுக்கும்போது அடிபட்டவர் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, அது சண்டை என்ற நம்பிக்கையைக் கெடுக்கிறது. 13 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய மேட்ச் இது. முடிந்த பிறகு, யங் பக்ஸ் கூட்டம் நடத்திய யூட்யூப் தொடரில் பேஜ் ‘கொன்றுவிட்டதாக’ச் சொல்லப்பட்ட ஒரு வீரர் உயிரோடு எழுந்துவந்து, ஆபாசமான பலூன் உடையில் ஒரு கூட்டம் பேஜைத் தூக்கிக்கொண்டு போன காட்சி வேறு. தொடரைப் பார்த்தவர்கள் ரசித்தார்கள். கோடி ரத்தம் சிந்தி அழுது அரை மணி நேரம்கூட ஆகாத அதே ரிங்கில் அது எனக்கு வேண்டாத ஒன்றாகவே பட்டது.

இரண்டாவது, கசுச்சிகா ஒகாடா, மார்ட்டி ஸ்கர்ல் மேட்ச், 26 நிமிடம், அன்றைய மேட்ச்களிலேயே நீளமானது. இதைக் குறை சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் கடைசிப் பத்து நிமிடம் அபாரம். ஒகாடா ஜப்பானின் நியூ ஜப்பான் கம்பெனியுடைய உலக டைட்டிலான ஐடபிள்யூஜிபியை 720 நாள் வைத்திருந்து அந்த ஜூனில்தான் ஒமேகாவிடம் இழந்திருந்தார். ஸ்கர்ல் எடையில் சிறியவர், ‘நீ ஜூனியர் ஹெவிவெயிட்தானே’ என்று ஒகாடா அவரை மட்டமாகப் பேசியதுதான் கதை. நல்ல கதை, எல்லோருக்கும் புரிகிற கதை. விரலை முறிப்பதும் கழுத்தோடு கையைப் பூட்டும் சிக்கன்விங்கும் ஸ்கர்லின் ஆயுதங்கள், சின்ன ஆள் பெரிய ஆளைச் சாய்க்க இப்படிப்பட்ட கள்ளத்தனம்தான் வழி என்பதால் அவை கதைக்குள் அப்படியே பொருந்தின. கடைசியில் ஒகாடாவின் ஃபினிஷரான ரெயின்மேக்கர் விழுந்தபோது ஸ்கர்ல் தோற்றும் உயர்ந்தே நின்றார்.

பிரச்சினை முதல் பத்து நிமிடத்தில். நியூ ஜப்பான் பெரிய மேட்ச்களை மெதுவாகத் தொடங்கிச் சூடேற்றும் பாணி ஒகாடாவுக்கு ரத்தத்தில் ஊறியது. டோக்கியோவில் அது கடைசி மேட்சாக வரும், பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. இங்கே எட்டாவதாக, மூன்று மணி நேரம் கத்திக் களைத்த கூட்டத்துக்கு முன்னால், பின்னால் ஆறு பேர் மேட்ச் காத்துக்கொண்டிருக்கும்போது அதே பாணியைக் கையாண்டது தவறு. 18 நிமிட ஒகாடா மேட்ச் 26 நிமிட ஒகாடா மேட்சைவிடக் குறைந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஷோவை நடத்தியவர்களில் இருவரான யங் பக்ஸ்தான் கடைசி மேட்சிலும் ஆடினார்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். மற்றவர்களை அவசரப்படுத்தாமல் தங்கள் மேட்சை வெட்டிக்கொண்டார்கள். பெரிய மனசுதான், பார்க்கிறவனுக்கு அது நஷ்டம்.

வெறும் ரெஸ்லிங் திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் அன்றைய முதலிடம் கென்னி ஒமேகா, பென்டகோன் ஜூனியர் மேட்சுக்கு. கிட்டத்தட்ட 18 நிமிடம், ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. ஒமேகா அப்போது ஐடபிள்யூஜிபி சாம்பியன், டைட்டில் பந்தயத்தில் இல்லை. மெக்சிகோ பாணியும் ஜப்பான் பாணியும் இப்படி மோதும்போது பல சமயம் இருவரும் மாறி மாறித் தங்கள் வித்தையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி ஆகவில்லை. பென்டகோன் நிதானமாக, அலட்சியமாக, ‘சேரோ மியெடோ’ (பயமே இல்லை) என்று கையைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒமேகா அவசரப்பட்டுத் தப்புச் செய்து மாட்டிக்கொள்கிற மாதிரிப் போனது. கொடூரமான மூவ்களை வாங்கியும் ரெஃப்ரி மூன்று எண்ணுவதற்குள் இருவரும் இரண்டில் எழுந்துவிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஒன்றிரண்டைக் குறைத்திருந்தால் ஒமேகாவின் ஃபினிஷரான ஒன் விங்ட் ஏஞ்சல் விழுந்தபோது இன்னும் பாரமாக இருந்திருக்கும். அப்புறம் விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தபோது பென்டகோன் எழுந்துவந்து ஒமேகாவைத் தாக்க, கோட்பிரேக்கர் என்ற மூவ் விழுந்ததும்தான் முகமூடிக்குள் இருப்பது அந்த மூவுக்குச் சொந்தக்காரரான கிறிஸ் ஜெரிக்கோ என்று எல்லோருக்கும் புரிந்தது. சிகாகோ என்பதால் அந்த ஊர் ரெஸ்லர் சி.எம். பங்க் வருவாரோ என்று மனசுக்குள் காத்திருந்த கூட்டம் அது, அவர் வராத குறையே தெரியவில்லை. மேட்சுக்குப் பிந்தைய நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் பாடம், இரண்டே நிமிடம், ஒரே அதிர்ச்சி, ஜெரிக்கோவின் கப்பல் பயண ஷோவுக்கு ஒரு விளம்பரம், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஜே லீத்தல், ஃப்ளிப் கார்டன் மேட்ச். ரிங் ஆஃப் ஹானரின் உலக டைட்டில் மேட்ச் இது. லீத்தல் தன் பழைய பிளாக் மச்சிஸ்மோ வேடத்துக்கு, அதாவது பழைய ரெஸ்லிங் நட்சத்திரம் ராண்டி சாவேஜைப் போலவே பேசி நடக்கும் வேடத்துக்கு மாறுவதைச் சுற்றித்தான் அது முழுக்கப் போனது. சாவேஜின் தம்பி லானி போஃபோவையும் அழைத்துவந்திருந்தார்கள். அன்பாகச் செய்யப்பட்ட அஞ்சலி, பார்க்கவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மேட்சுக்கு முன்னால் ஒரு பெல்ட்டைக் கோவில் விக்கிரகம் மாதிரித் தூக்கிவந்தீர்கள், அதே ரிங்கில் இன்னொரு பெல்ட்டைச் சாப்பாட்டுக்கு நடுவே ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டீர்கள். ஃப்ளிப் கார்டனுக்கு யூட்யூப் தொடரில் மாதக்கணக்காக ஒரு கதை இருந்தது, எல்லோருக்கும் ஷோவில் இடம் கிடைக்க அவருக்கு மட்டும் கிடைக்காது. முகமூடி போட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை மற்றவர்களை ரிங்குக்கு வெளியே தள்ளும் பேட்டில் ராயலில் நுழைந்து, புல்லி ரேயைக் கடைசியாக வெளியே தள்ளி, இந்த வாய்ப்பைப் பிடித்தார். அவ்வளவு பாடுபட்டு வந்தவருக்கு ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அந்த 14 நிமிடத்தில் எங்கேயும் தெரியவில்லை.

தொடக்க மேட்ச்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேட் கிராஸ், எம்ஜேஎஃப் மேட்ச் பத்து நிமிடத்துக்குள், ஷோவைத் தொடங்க வேண்டிய விதத்தில் தொடங்கியது. எம்ஜேஎஃபுக்கு அப்போது 22 வயது, பல பேருக்கு அவரை யார் என்றே தெரியாது, வந்த இரண்டு நிமிடத்தில் மொத்த அரங்கத்தையும் தன்னை வெறுக்க வைத்தார். கிறிஸ்டோஃபர் டேனியல்ஸ், நடிகர் ஸ்டீபன் அமெலை எதிர்கொண்டதில் முழுப் பாராட்டும் டேனியல்ஸுக்கு. எங்கே நிற்க வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று ஒவ்வொரு அடியிலும் அவர் அமெலைக் கைப்பிடித்து நடத்தியது தெரிகிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது.

பெண்கள் மேட்ச்தான் உறுத்தல். டெஸ்ஸா பிளான்சார்டு, பிரிட் பேக்கர், செல்ஸீ கிரீன், மேடிசன் ரெயின் என்று நான்கு பேருக்கும் சேர்த்து 13 நிமிடம்கூட இல்லை. முழு மெயின் கார்டிலும் பெண்களுக்கு என்று இருந்தது இது ஒன்றுதான். நான்கு பேரில் இருவர் மோதிக்கொண்டிருக்க மற்ற இருவர் வெளியே படுத்துக்கிடக்கிற வேலை இந்த வகை மேட்சில் தவிர்க்க முடியாதது, ஆனாலும் நால்வரும் நன்றாகவே சமாளித்தார்கள், டெஸ்ஸா ஜெயித்ததும் சரி. டெஸ்ஸாவும் பேக்கரும் மட்டும் ஒற்றைக்கு ஒற்றை மோதியிருந்தால் இன்று நாம் அதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்.

முன்னோட்ட ஷோவில் ஃபிராங்கி கஸாரியன், ஸ்கார்பியோ ஸ்கை ஜோடி பிரிஸ்கோ சகோதரர்களை வென்ற மேட்சைத் தவற விட வேண்டாம். மெயின் கார்டில் பாதிக்கும் மேல் இதைவிட நன்றாக இல்லை. ஜே பிரிஸ்கோ 2023 ஜனவரியில் விபத்தில் இறந்துபோனார், இப்போது அதைப் பார்க்கும்போது அவர் ஒவ்வொரு அடியையும் எவ்வளவு நம்பும்படி போடுகிறார் என்பதுதான் கண்ணில் படுகிறது.

முழு நான்கு மணி நேரம் உட்கார முடியாது என்றால், கோடி–ஆல்டிஸ் மேட்சை என்ட்ரன்ஸில் இருந்தே பாருங்கள், என்ட்ரன்ஸைத் தாண்டிவிட்டால் பாதிதான் கிடைக்கும். அப்புறம் ஒமேகா–பென்டகோன், விளக்கு அணைந்து எரியும்வரை. ஒகாடா–ஸ்கர்லைப் பன்னிரண்டாவது நிமிடத்தில் இருந்து தொடங்கினால் போதும். கடைசியாக மெயின் ஈவென்ட், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு.